சைட் இன்சார்ஜும் ஈரக் கயிறும்

நீங்கள் யாரையாவது ஈரக் கயிற்றால் அடித்திருக்கிறீர்களா? காய்ந்த கயிறு தோலைத்தான் உரிக்கும். தண்ணீரில் ஊறிய கயிறு சதைக்குள் இறங்கும். எந்த எஞ்சினீயரிங் காலேஜிலும் இதற்குப் பாடம் கிடையாது. எனக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் எந்தக் கயிறு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதோடு சரி.

பாகலூரிலிருந்து பேரிகை போகிற ரோட்டில், ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்டுகிற வேலை. டிகிரி வாங்கிய சூட்டோடு வந்து சேர்ந்தேன். வேலை பிடித்திருந்தது. மட்டக்கருவியை நிறுத்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், எனக்கும் அளவுகோலுக்கும் நடுவில் உலகத்தில் ஒரு பயல் கிடையாது. தப்பு வந்தால் அது நம்பரில் வரும். அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம்.

அப்புறம் பெரிய எஞ்சினீயருக்கு மாற்றல் வந்தது. சாவிக் கொத்தை என் கையில் திணித்து, "இனிமே நீதாம்ப்பா இங்க எல்லாம்" என்றார். சிமெண்ட் நனையக் கூடாது, டீசல் திருடு போகக் கூடாது என்று ஜீப் கிளம்புகிற வரைக்கும் புலம்பினார். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் குஷி தாங்கவில்லை. காவேரிப்பட்டினத்து வீட்டுக்குப் போனால் இனி நான் ஓவர்சீயர் பையன் இல்லை, ஆபீசர். வெயிலில் நிற்காத எஞ்சினீயருக்குப் பெயர்தான் மேனேஜர் என்று நினைத்திருந்தேன்.

சைட்டில் இரண்டு செட்டு ஆட்கள். கல் கொத்துகிறவர்கள் பேரிகைப் பக்கத்துக்காரர்கள், தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள். கல்லைத் தூக்கி இறக்குகிறவர்கள் தர்மபுரிப் பக்கம். அவர்களுக்கு ஒரு மேஸ்திரி, கழுத்தில் எப்போதும் சிவப்புத் துண்டு. அந்த மேஸ்திரியின் அக்கா மகன்தான் கல்லைக் கயிற்றில் ஏற்றி இறக்குகிற வின்ச்சைச் சுற்றுகிறவன். கைப்பிடியைச் சுற்றச் சுற்றப் பல்சக்கரம் திரும்பும், ஒவ்வொரு பல்லிலும் ஓர் இரும்பு நாக்கு விழுந்து பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். 'டக் டக் டக்' என்று நாள் முழுக்கக் கேட்கும்.

நான் பொறுப்பேற்ற வாரமே அந்த டக் நின்றது.

காலை நேரம், ஓடையில் இன்னும் பனி கலையவில்லை. ஒரு பெரிய கல் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே கல் செட்டுக்காரன் ஒருவன் கையால் தள்ளி அதற்கு இடம் காட்டிக்கொண்டிருந்தான். சக்கரம் 'கர்ர்ர்' என்று தானாகச் சுற்றியது. கைப்பிடி எகிறி வின்ச்காரனின் தாடையில் அடித்து அவனைத் தூர எறிந்தது. கல் விழுந்தது. கீழே இருந்தவன் முதலில் கத்தவே இல்லை. கல்லுக்கு அடியில் போன தன் கையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், அப்புறம்தான் கத்தினான். கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தபோது விரல்கள் கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தன. சிமெண்ட் சாக்கில் கையைச் சுற்றி லாரியில் ஏற்றி, ஓசூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

லாரி புழுதி அடங்குவதற்குள் மேஸ்திரி வந்து நின்றார். ஒரு கையில் அக்கா மகனின் தலைமுடி, இன்னொரு கையில் தண்ணீர் சொட்டும் கயிறு.

"தொரை, இங்க நின்னுக்க. நாலு போடறன். கையத் தூக்கிப் போதும்னு சொல்லு, நிறுத்திடறன்."

"எதுக்கு மேஸ்திரி?"

"எதுக்காவா? அவங்க ஆளு கை போயிருச்சி. நம்ம ஆள நாமளே அடிக்கணும், அவங்க பாக்கணும். பெரியவர் இருந்தப்பவும் இதான். இல்லன்னா அவங்க வந்து அடிப்பாங்க. அவங்க அடிச்சா யாரு போதும்னு சொல்றது?"

இதுதான் அங்கத்து முறை. அடிக்கிற கை சொந்தக் கை, நிறுத்துகிற கை எஞ்சினீயருடையது. "என் சைட்ல அடி உதை கிடையாது" என்று கயிற்றைப் பிடுங்கித் தூர எறிந்தேன். நேரே வின்ச்சுக்குப் போய்ப் பார்த்தேன். பல்சக்கரத்தில் ஒரு பக்கத்துப் பல்லெல்லாம் மழுங்கி, பிடித்து வைத்த களிபோல வழவழவென்று இருந்தது. நாக்கு விழுந்தாலும் நிற்காது. வின்ச்காரன் மேல் ஒரு தப்பும் இல்லை.

இரண்டு செட்டையும் கூப்பிட்டு, சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டி விளக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக எதையும் விளக்கியதில்லை. கை போனவனின் அண்ணன் முன்வரிசையில் நின்றான். மழுங்கிய பல்லை விரலால் தடவிப் பார்த்தான்.

"சரி சாமி. இரும்புதான் தப்புப் பண்ணிச்சி. இரும்ப எப்படி அடிக்கிறது?"

அவன் செட்டு மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்போடு கலைந்து போனார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மேஸ்திரி தூரக் கிடந்த கயிற்றைத் தேடி எடுத்து, மறுபடியும் சிமெண்ட் ஷெட் வாசலிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் போட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் கல் செட்டுக்காரர்கள் வந்தார்கள். கத்தவில்லை, கூவவில்லை. சம்மட்டியும் கடப்பாரையுமாக நடந்து வந்தார்கள். நானும் மேஸ்திரியும் வின்ச்காரனைச் சிமெண்ட் ஷெட்டுக்குள் தள்ளி, நாங்களும் உள்ளே புகுந்து தாழ் போட்டோம். தர்மபுரி ஆட்கள் இரண்டு பேர் குறுக்கே போய் நின்றார்கள். ஒருவனுக்கு முழங்கால் உடைந்த சத்தம் உள்ளேவரை கேட்டது. அப்புறம் கல் வந்தது. தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு வந்த ஒன்று என் புருவத்தைப் பிளந்தது. ஒரு கண் முழுக்க ரத்தம். கதவில் கடப்பாரை முனை ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனது.

"மெஷின் மேலதான் தப்புன்னு அந்தக் கடப்பாரைகிட்டச் சொல்லு தொரை" என்றார் மேஸ்திரி.

"இப்ப நீங்க அடிங்க. நான் கையத் தூக்கறேன்."

"இப்பவா? காலையிலன்னா ஒத்துக்கினு இருப்பாங்க. இனிமே நான் அடிச்சா நாடகம்பாங்க. வேணான்னு சொன்ன கையே அடிக்கணும்."

வின்ச்காரனுக்குத் தாடை வீங்கி வாய் கோணியிருந்தது. அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அடி சாமி. பொய்யடி வேணாம். அவனுங்க கல்லடிக்கறவனுங்க, சத்தத்துலயே கண்டுபுடிச்சிருவானுங்க."

கதவைத் திறந்தேன். அவன் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளினேன். முன்னால் நின்ற கடப்பாரைகள் ஒரு கணம் தயங்கின. தொட்டியில் கைவிட்டுக் கயிற்றை உருவினேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

முதல் அடி சரியாக விழவில்லை. கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "ஏங்க, காலேஜில இதச் சொல்லித் தரலியா?" அடுத்தது விழுந்தது. அதற்கடுத்தது தோளைச் சுற்றி மார்பில் அறைந்தது. அவன் மண்டியிட்டான். முதுகில் தோல் பிரிந்து, கயிற்று நூலெல்லாம் சிவந்து, ஓங்கும்போது என் முகத்திலேயே தெறித்தது. என் புருவத்து ரத்தம் எது, அவன் முதுகு ரத்தம் எது என்று தெரியவில்லை. போதும் என்று சொல்ல வேண்டிய கை என்னுடையது. அந்தக் கையில்தான் கயிறு இருந்தது. நான் அண்ணன்காரனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி இரண்டு கையாலும் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். வின்ச்காரன் குப்புற விழுந்தான். விழுந்தவனையும் அடித்தேன்.

"சாலு" என்றான் அண்ணன்காரன். தெலுங்கில் போதும் என்று அர்த்தம். சைட்டில் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை, எனக்கும் நன்றாகத் தெரியும். அதற்கப்புறமும் ஓர் அடி விழுந்தது. அது ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"சாலுய்யா! செத்துருவான்!" என்று அவனே பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். கடப்பாரையை எப்போது கீழே போட்டான் என்று நான் பார்க்கவில்லை. தொட்டித் தண்ணீரைக் கையால் அள்ளி, கீழே கிடந்தவன் வாயில் ஊற்றினான். வேப்பெண்ணெய் கொண்டுவரச் சொல்லித் தன் செட்டு ஆளை விரட்டினான். ஷெட் வாசலில் முழங்கால் உடைந்து கிடந்தவனைக் கல் செட்டு ஆட்களே கட்டிலில் போட்டுத் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் உளிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மேலதிகாரி விஷயம் கேள்விப்பட்டுக் கிருஷ்ணகிரியிலிருந்து ஜீப்பில் வந்தார். என் புருவத்துத் தையலைப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். "ஆளுங்கள வேலை வாங்கத் தெரிஞ்சிக்கிட்ட. இனி எங்க போட்டாலும் பிழைச்சிக்குவ."

"சார், பல்சக்கரம் தேஞ்சிருக்கு. வேற மாத்தணும்."

"பெங்களூர்லருந்து வரணும்ப்பா. சொல்லி வைக்கறேன். மழைக்குள்ள தூணை ஏத்திரு."

காலேஜ் சிநேகிதர்கள் யாராவது நான் செய்தது காட்டுமிராண்டித்தனம் என்று சொல்ல வந்தால், நல்லது, வாருங்கள். அந்த ஷெட்டுக்குள் உட்காருங்கள், கதவில் கடப்பாரை முனை வரட்டும், அப்புறம் பேசுவோம். வின்ச்காரன் உயிரோடு இருக்கிறான். முதுகு ஆறிவிட்டது. சட்டை போட்டால் உரசுகிறது என்று வெறும் உடம்போடுதான் வேலைக்கு வருகிறான். என்னைப் பார்த்தால் கும்பிடுகிறான். அந்தக் கும்பிடு வரும்போது மட்டும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

இதை டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது வெளியே வின்ச் சத்தம் கேட்கிறது. சுற்றுவது அவன்தான். பல்சக்கரம் பழையதுதான்.