முதலில் செட்டுக்காரர் பிடிக்கட்டும்

சாராள் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சாலவாக்கத்தில் ஒரு வீட்டுச் சுவருக்கு இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருந்தேன். மகள் பவித்ரா போனில் கூப்பிட்டு, "நைனா, அக்கா பூட்டாங்க" என்றாள். வேறு ஒன்றும் அவளால் சொல்ல முடியவில்லை. சர்க்கரைப் புண் ஏறி, காலை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். காலைக் கொடுக்க மனமில்லாமல் முழுசாகவே கிளம்பிவிட்டார். நான் ஏணியை விட்டு இறங்காமல் சுவரை முடித்தேன். வாசலுக்கு வாங்கி வைத்திருந்த மஞ்சள் பெயிண்ட் சமையலறைக்குப் போய்விட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது. வீட்டுக்கார அம்மா நல்லவர். "பளிச்சுன்னு கீது, வுடுப்பா" என்று அனுப்பிவைத்தார்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கூழ் ஊற்றும் விழா, சர்ச் பண்டிகை, காதுகுத்து, கல்யாண வரவேற்பு எதுவானாலும் போய்ப் பாடுகிற எங்கள் சின்னப் பாட்டுக் குழுவுக்கு முதல் குரல் அவர். பகலில் நடவும் களையும் நூறு நாள் வேலையும். பொழுது சாய்ந்தால் பளபளக்கிற புடவையும் மைக்கும். நான் அதே குழுவில் தாளத்துக்கு ரிதம் பேட் தட்டுகிறவன். பத்தாவது வரை படித்தேன். பத்தாவதுக்கு என்னைப் பிடிக்கவில்லை. தாளத்துக்கும் அப்படித்தான். "ஏழுமலை தட்டறதுல தப்பே கெடையாது. என்ன, எல்லாரையும் விட கொஞ்சம் முன்னாடியே தட்டிட்றான்" என்று அக்கா மேடையிலேயே சொல்வார். ஜனங்கள் சிரிக்கும். நானும் சிரிப்பேன், கொஞ்சம் முன்னாடியே.

பழையசீவரம் பக்கத்தில் ஒரு கோயில் விழா. மத்தியானம் மழை பெய்து, மேடைக்கு முன்னால் தரை சொதசொதவென்று கிடந்தது. மைக் செட்டுக்காரர் தணிகாசலம் அன்றைக்குத்தான் வெளிநாட்டு ஆம்ப்ளிஃபையர் ஒன்றைப் புதிதாக இறக்கியிருந்தார். முகப்பில் நீலமும் சிவப்புமாக விளக்கு ஓடும். கப்பல் ஏறி வந்த சாமான் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா செருப்பில்லாமல் ஈரத்தில் நின்று மைக்கை வாயருகே கொண்டுபோனார். உதடு பட்டதுதான் தெரியும். ஆள் தரையில் கிடந்தார். மைக் தனியாக உருண்டது. வாயெல்லாம் ரத்தம்.

தணிகாசலம் ஓடி வந்து, "லேசா எர்த்து அடிக்கும்க்கா, புது மெஷின் இல்ல? கர்ச்சீப் சுத்திக்கோங்க" என்றார். கூட்டத்திலிருந்து ஒருவர் கர்ச்சீப்பும் நீட்டினார். மைக்குக்குத் துணி சுற்றிப் பாடுவது எங்கள் பக்கம் அவ்வளவு பழக்கம். மாமனார் என்றால் கோபம் வரும் என்பதுபோல, மைக் என்றால் ஷாக் அடிக்கும் என்று நாமே ஏற்றுக்கொண்டுவிட்டோம். அக்கா எழுந்து உட்கார்ந்து, அந்தக் கர்ச்சீப்பை வாங்கி வாயைத் துடைத்தார்.

"எர்த்து இருந்தா ஏன்யா அடிக்குது? அது இல்லாததாலதான அடிக்குது."

பிளக்கைப் பிடுங்கிக் கொண்டுவரச் சொன்னார். மூன்று பின் பிளக். எர்த்துக்கான பெரிய பின் மற்ற இரண்டையும் விடப் பளபளப்பாக இருந்தது. அந்தப் பளபளப்புதான் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அதைச் சுரண்டினார். வெள்ளிப் பூச்சு உரிந்து, உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் வந்தது.

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. முழுக்கத் தகரத்தில் செய்த பெட்டி. உள்ளே ஒரு ஒயர் நழுவினால் பெட்டி, ஒயர், மைக் எல்லாவற்றிலும் கரண்ட் ஏறும். அதைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டிய பின்னை பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறார்கள். அந்தப் பின்னையே வைக்காமல் விட்டிருந்தால் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். பிளாஸ்டிக்கில் அச்சு வார்த்து, அதற்கு வெள்ளி பூசினால் அதற்கு என்ன பேர்? எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து ஒருவன் யோசித்திருக்கிறான். இறக்கியவனும் விற்றவனும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் எங்கள் அக்காவின் உதடு.

விற்கிறவர்கள் லட்சணத்தை நான் நேரிலேயே பார்த்தேன். பவித்ராவின் பிறந்தநாளுக்கு ஒரு ட்ராலி ஸ்பீக்கர் வாங்கப் பட்டணத்துக் கடைக்குப் போயிருந்தேன். அதுவும் இறக்குமதிச் சரக்குதான். கடை ஆள் மேஜையடியிலிருந்து ஒரு ரோலை எடுத்தார். பஸ் டிக்கெட் மாதிரி ஒன்றைக் கிழித்து, ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டினார். பார்த்தால் தர முத்திரை. எதற்கு என்று கேட்டேன். "யாராவது கேட்டா இருக்கணும்ல அண்ணே" என்றார். எனக்கு அந்தப் பதில் நியாயமாகவே பட்டது. என் மூளை அப்படி. வீட்டுக்கு வந்த அக்கா, கேக்கைத் தொடுவதற்கு முன்பு ஸ்பீக்கரைத் திருப்பி அந்த முத்திரையை நகத்தால் உரித்து என் சட்டைப் பையில் ஒட்டினார். "இப்ப நீயும் தரமான ஆளுதான் ஏழுமலை, போய் அந்த ஒயரப் புடுங்கு" என்றார். பிறந்தநாள் பாட்டை எல்லோரும் கைதட்டியே பாடி முடித்தோம்.

உதடு ஆறியதும் அக்கா ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். பாட்டு தொடங்கும் முன்பு, செட்டின் சொந்தக்காரர் செருப்பைக் கழற்ற வேண்டும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிய தரையில் நிற்க வேண்டும். மைக்கைக் கையில் பிடித்து, தன் பேரும் அப்பா பேரும் சொல்லி, இது என் செட்டு என்று ஊருக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் அக்கா மைக்கைத் தொடுவார். செட்டுக்காரர் செத்துவிட்டால் என்ன செய்வது என்று நான் பயந்து கேட்டேன். தன் கை படப்போகிறது என்று தெரிந்தால் எவனும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் வரமாட்டான் என்றார். அப்படித்தான் நடந்தது. நாங்கள் போய் இறங்குவதற்கு முன்பே இரும்புக் கம்பி அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, எர்த்து இழுத்து வைத்திருப்பார்கள். யாருக்கும் ஒரு பொட்டு ஷாக் அடித்ததில்லை.

ஒரு ஊரில் சொந்தக்காரர் சேரில் உட்கார்ந்துகொண்டு, ஒயர் இழுக்கிற ஆளைத் தண்ணீரில் நிற்க வைத்தார். அக்கா அந்த ஆளின் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். சத்தமே போடவில்லை. "இவன் என்னை மாதிரி கூலிக்கு வந்தவன். லாபம் எந்தக் கைக்குப் போவுதோ அந்தக் கையக் கொண்டா" என்றார். சேர் காலியாயிற்று.

இதெல்லாம் செட்டுக்காரர்களுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. சாராள் குழு பாடுகிற இடத்துக்குச் செட்டு கிடையாது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். ஆடி மாதம் பூராவும் ஊரெல்லாம் பாட்டு கேட்டது, எங்கள் பாட்டைத் தவிர. குழுவில் முணுமுணுப்பு வந்தது. அக்காவிடம் சமாதானம் பேச என்னை அனுப்பினார்கள். அவர்கள் ஆள் தேர்ந்தெடுத்த அழகு அப்படி. மைக்கைப் பிடிக்கட்டும், அப்பா பேரை மட்டும் விட்டுவிடலாமே என்று பெரிய ராஜதந்திரி மாதிரி சொல்லிப் பார்த்தேன். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா களைக்கொட்டைக் கீழே வைத்தார்.

"அப்பா பேரச் சொல்லும்போதுதான்யா மனுசனுக்கு வூடு ஞாபகம் வருது. எதிர்ல நிக்கறவளுக்கும் ஒரு வூடு கீதுன்னு அப்பதான் தோணும்."

கடைசியில் விழா நடத்துகிறவர்களே அக்கா வந்தால்தான் ஆச்சு என்று நின்றதால் செட்டுகள் முனகிக்கொண்டே திரும்பி வந்தன. அக்காவுக்குக் காலில் புண் வந்ததும் அந்தச் சமயத்தில்தான்.

அவர் போன பிறகு எங்களுக்கு வந்த முதல் நிகழ்ச்சி புள்ளலூர் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. முதல் குரல் இப்போது அக்காவிடம் பாடிப் பழகிய என் மகள் பவித்ரா. செட்டு தணிகாசலத்துடையது. பழையதை விடப் பெரிய, பளபளப்பான, கப்பல் ஏறி வந்த இன்னொரு பெட்டி. புழுதி அடங்குவதற்காகப் பந்தல் முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். தணிகாசலம் சிரித்தபடி வந்து, அக்காவோடு அந்தச் சடங்கும் போகட்டும், மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள் என்றார். குழு மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் பேடைப் பார்த்தேன்.

பவித்ரா மைக்கை எடுக்கவில்லை. "மாமா, நீங்க புடிச்சிப் பேசுங்க. அப்பறம் நான் பாடறேன்" என்றாள்.

"இன்னா ஏழுமலை, உன் பொண்ணு என்னை நம்ப மாட்டாளா?"

ஒரு பாட்டுக்கு இவ்வளவு பேஜாரா என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சலித்துக்கொண்டார்கள். என் வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான். "செருப்பக் கழட்டுங்கண்ணே."

பந்தலே பார்க்கிறது. அவர் கழற்றினார். ஈரத்தில் நாலு எட்டு வைத்து வந்தார். கையை நீட்டினார். மைக்குக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிட்டது.

அங்கேயே நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்து வேட்டியில் துடைத்துக்கொண்டது. "பழைய செட்டு வண்டியிலதான் கீது, எடுத்தாறேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் விரலை வைக்கப் பயந்த இடத்தில் என் மகளின் வாயை வைக்கச் சொல்லியிருக்கிறார், அதுவும் சிரித்துக்கொண்டே. பழைய செட்டு வந்தது, எர்த்துக் கம்பி அடித்தார்கள், பேரும் அப்பா பேரும் வேகவேகமாகச் சொன்னார். பவித்ரா பாடினாள். அன்றைக்கு நான் எல்லாப் பாட்டுக்கும் பிந்தியே தட்டினேன்.

அடுத்த வாரம் டீக்கடையில் அந்தப் பெட்டி என்ன ஆயிற்று என்று அவரிடம் கேட்டேன். "தள்ளிவுட்டுட்டேன்பா" என்றார். யாருக்கு விற்றார் என்று கேட்டேன். டீயை ஊதினார். மறுபடி கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

அக்காவுடையது என்று என்னிடம் இருப்பதைச் சொல்லி முடிக்கிறேன். குரல் பவித்ராவுக்குப் போயிற்று. எனக்கு வந்தது அவருடைய கோபம். நான் அதட்டினால் என் வீட்டில் பூனைகூட நகராது. அப்படிப்பட்டவனிடம் இது வந்து சேர்ந்திருக்கிறது. வேலை முடிந்து வரும் வழியில் எங்கே பாட்டுச் சத்தம் கேட்டாலும் வண்டியை நிறுத்துகிறேன். பெயிண்ட் கறைச் சட்டையோடு பந்தலுக்குள் போய், இந்தச் செட்டு யாருடையது, அவர் மைக்கைத் தொட்டாரா என்று கேட்கிறேன். குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று இரண்டு ஊரில் வெளியே தள்ளினார்கள். தள்ளட்டும். அந்தப் பெட்டி இந்தத் தாலுகாவில்தான் எங்கேயோ ஒரு பந்தலில் விளக்கு ஓடவிட்டுக்கொண்டிருக்கிறது. அதன் மைக்கை யாருடைய பிள்ளையோ கையில் வாங்கப்போகிறது.