காற்று நிரப்பிய பெட்டி

ஜூன் பிறந்தால் குற்றாலத்து லாட்ஜ்காரர்களின் காதில் விழுகிற கேள்வி ஒன்றுதான். "தண்ணி விழுதா?" சென்னையிலிருந்து கேட்பார்கள், கொல்லத்திலிருந்து கேட்பார்கள். விழுது என்றால் நம்பமாட்டார்கள். வீடியோ அனுப்பினால், "இது போன வருசத்து வீடியோதானே?" என்பார்கள். அப்படி அனுப்புகிற ஆட்களும் உண்டு என்பதால் கோபப்படவும் முடியாது.

இதற்கு வழி கண்டவள் தென்காசி சஃப்ரின். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கேமரா கடையில் பில் போட உட்கார்ந்தவள். பில் போட்ட கை மெல்ல மெல்ல வயர் இழுக்கப் பழகியது. "பொம்பளப்பிள்ள ஏணியில ஏறுதா" என்று தெரு பேசியபோது அவளுடைய உம்மா, "ஏறாம எப்படி மேல மாட்டுவா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள். கடையை விட்டு வெளியே வந்து சஃப்ரின் சொந்தமாகப் பிடித்த முதல் வேலை, குற்றாலத்தில் நல்லகண்ணு அண்ணாச்சியின் லாட்ஜ். மொட்டைமாடியில் பேரருவியைப் பார்த்து ஒரு கேமரா. அதன் கீழே தகரக் கூண்டுக்குள், உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து இணையத்தில் போடும். மாடிக்குக் குரங்கோ திருடனோ வந்தால் தெரியட்டும் என்று அண்ணாச்சி கேட்டதால், ஏதாவது அசைந்தால் வீடியோவும் பிடித்து வைக்கும்.

ஏப்ரலில் மாட்டியாயிற்று. சீசனில் ஒழுங்காக ஓடினால் பக்கத்து லாட்ஜ்களிலும் மாட்டுவதாகப் பேச்சு. ஓடாவிட்டால் மறுபடியும் பில் போடுகிற நாற்காலிதான்.

மலையில் தண்ணீர் இறங்கிய அன்று காலை, அதே லாட்ஜில் இன்னொரு கேமராவுக்கு இடம் பார்க்க வந்திருந்தாள். ரோட்டில் வரும்போதே அருவியின் இரைச்சல் கேட்டது. வண்டியை நிறுத்திவிட்டு ஏறக்குறைய ஓடித்தான் உள்ளே வந்தாள். வரவேற்பறையில் ரூம் புக்கிங் பார்க்கிற உமா மகேஸ்வரி போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அருப்புக்கோட்டை பாண்டித்துரை பேசுறேம்மா. மூணு வேன்ல வர்றோம்னு மாடி பூரா சொல்லி வச்சிருந்தோம்ல? வாசுதேவநல்லூர்ல டீக்கு நிக்கிறோம். ஒங்க படத்தப் பாத்தோம், வெறும் பாறைதான் இருக்கு. நாங்க திரும்பிக்கிறோம்."

"ஐயோ அண்ணே, கொட்டுது! சத்தம் கேக்கலியா?"

"சத்தம் எங்க வீட்டுக் கொழாயிலயும்தான் வரும்."

அண்ணாச்சி வீடியோ கால் போட்டுப் பார்த்தார். மலையடியில், சாரலில், சிக்னல் தேறாமல் திரையில் வட்டம் சுற்றியதே தவிர முகம்கூட வரவில்லை. அவர் சஃப்ரின் பக்கம் திரும்பினார்.

"ஏ பிள்ள, முன்ன நான் வாயால சொன்னா நாலு பேராவது நம்புனாவ. இப்பம் ஒம் பெட்டியே எனக்கு எதிரா சாட்சி சொல்லுது. இந்த மூணு வேனும் திரும்பிச்சுன்னா அதக் கழட்டி நீயே கொண்டு போயிரு."

சஃப்ரின் போனில் படம் வருகிற இணையப் பக்கத்தைத் திறந்தாள். காய்ந்த பாறை. ஓரத்தில் வளைந்து நிற்கிற ஒரு மரக்கிளை. எவ்வளவு நேரமானாலும் அதே படம். சன்னலைத் திறந்தால் அருவி தெரிகிற லாட்ஜில் இதை யார் பார்த்திருப்பார்கள்?

"அண்ணே," என்றாள் பாண்டித்துரையிடம், "இன்னொரு டீ குடிங்க. படம் வந்துரும்."

"வடையே சொல்றோம் தங்கச்சி. வடை தீர்ற வரைக்கும்தான், பாத்துக்க."

மடிக்கணினியைத் திறந்து மாடியிலிருக்கும் பெட்டியோடு இணைத்தாள். பெட்டி உயிரோடுதான் இருந்தது. உனக்குள் எவ்வளவு இடம் நிறைந்திருக்கிறது என்று கேட்டாள். நூறு சதவீதம் என்றது. புதுப் படம் ஒன்று வைக்கக்கூட இடம் இல்லை. அதனால்தான் பழைய படம் அப்படியே நிற்கிறது.

எது நிரப்பியது? ஒவ்வொரு ஃபோல்டராகக் கேட்டுக்கொண்டே போனாள். ஏப்ரல் வீடியோக்கள் கடுகளவு. மே மாதமும் அப்படித்தான், சில குரங்குகள், ஒரு பூனை. கடைசியில் இருந்தது ஒரே ஒரு வீடியோ, யானை மாதிரி. இரண்டு நாளாக முடியவே முடியாமல் இடமெல்லாம் தின்றிருந்தது. அப்படி என்னதான் இரண்டு நாளாக அசைந்தது? திறந்தாள். திருடன் இல்லை, குரங்கு இல்லை. ஓரத்து மரக்கிளை ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டிப் பார்த்தாள். அப்போதும் ஆடியது.

"காத்து!" என்று கத்திவிட்டாள். "அண்ணாச்சி, பெட்டிய காத்து நெரப்பிட்டு!"

"காத்தப் போயி எவட்டி பெட்டிக்குள்ள அடைச்சா?" என்றாள் உமா மகேஸ்வரி.

"நான்தான்க்கா!"

குற்றாலத்துக்குத் தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். தென்காசியில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் அவள் இடத்தைக் கணக்குப் போட்டது இலை அசையாத ஏப்ரலில்.

"தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. மரம் ஆடும்னு நெனைக்காமப் போயிட்டேன்."

"கதையப் பொறவு சொல்லு. அங்க வடை தீந்துரும்."

அந்த வீடியோவை அழித்தாள். மறுபடி கேட்டாள். நூறு. அழித்த பிறகும் நூறா? கோப்பு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, இடம் மட்டும் திரும்பி வரவில்லை. உமா மகேஸ்வரி அவள் முகத்தையே பார்த்தாள். "அங்க வடை தீந்துட்டு, எல்லாரும் கை கழுவுதாவட்டி" என்று மெதுவாகச் சொன்னாள்.

அப்போதுதான் சஃப்ரினுக்குப் பொறி தட்டியது. கிளை இன்னும் ஆடுகிறது. வீடியோ இன்னும் முடியவில்லை. அதை எழுதுகிற வேலை உள்ளே இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பேரை அழித்து என்ன, பிடியை விட்டால்தானே இடம் வரும்! வீடியோ எடுக்கும் வேலையை மட்டும் நிறுத்தினாள். திரும்பக் கேட்டாள்.

பதினொரு சதவீதம்.

மூன்று பேரும் இணையப் பக்கத்தையே பார்த்தார்கள். பாறை போயிற்று. திரை முழுக்க வெள்ளை வெள்ளையாய்த் தண்ணீர். அண்ணாச்சி மேசையில் ஓங்கித் தட்டினார், பேனா உருண்டு கீழே விழுந்தது.

"பாத்தியளா அண்ணே?" என்றாள் சஃப்ரின் போனில்.

"பாத்தோம்," என்றார் பாண்டித்துரை. "ஆனா இப்பத்தான் பாறை, அதுக்குள்ள அருவியா? இது போன வருசத்துப் படமா இருந்தா?"

"அட, ஒங்களுக்கு வேற என்னதான்யா வேணும்?" என்றார் அண்ணாச்சி.

வேன் பக்கம் சிரிப்புச் சத்தம். ஒரு பெண்குரல் உரக்கச் சொன்னது: "கேமரா முன்னால ஒரு ஆள நிக்கச் சொல்லுங்க. தலையில வாளியக் கவுத்தச் சொல்லுங்க. போன வருசம் எவனும் அப்படி நின்னுருக்க மாட்டான்!"

அண்ணாச்சியும் உமா மகேஸ்வரியும் சஃப்ரினைப் பார்த்தார்கள். அவள் அதற்குள் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தாள்.

மேலே சாரல் முகத்தில் அடித்தது. முதல் வேலையாகக் கேமராவைக் கிளை தெரியாதபடி ஒதுக்கித் திருப்பினாள். தொட்டியடியில் கிடந்த சிவப்பு வாளியை எடுத்து, அருவிக்கு முதுகைக் காட்டி நின்று, தலையில் கவிழ்த்துக்கொண்டாள். நிமிடத்துக்கு ஒரு படம்தான். அதனால் அசையாமல் நின்றாள். வாளிக்குள் இருட்டு. அருவியின் இரைச்சல் உள்ளே புகுந்து காதைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கீழேயிருந்து அண்ணாச்சியின் குரல் படியேறி வந்தது.

"வேன் கெளம்பிட்டு! மூணும் இங்கனதான் வருது!"

அவள் வாளியைத் தூக்கப் போனாள்.

"ஏ, எடுத்துராத பிள்ள! பக்கத்து லாட்ஜ்காரவுளும் பாத்துக்கிட்டு நிக்காவ!"