ஏழாவது அத்தியாயத்தோடு போன பிள்ளை

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு ஐம்பதுக்குச் செய்தி வந்தது. பரிமளா டீச்சரின் கணவர் சிவசாமி புதுக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "பரிமளா போயிட்டா சார்" என்றார். வகுப்பறைக்குள் வைஷ்ணவி நாற்காலியில் உட்கார்ந்து, கதைப் புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தை மற்ற பிள்ளைகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. டீச்சர் இருந்தால் எதற்காகவும் நடுவில் நிறுத்த விடமாட்டார். அந்த இரண்டு பக்கமும் முடியும்வரை வாசலில் நின்றேன். பிறகுதான் சொன்னேன்.

எங்களுடையது பொன்னமராவதியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியனான நான் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் பார்க்கிறேன். மூன்று, நான்கு, ஐந்து மூன்றையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஆறு வருடம் பரிமளா டீச்சர் பார்த்தார். ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொள்வார். கையெழுத்து மோசம். "கோழி கெளறுன மாதிரி இருக்கு டீச்சர்" என்று பிள்ளைகள் நேரிலேயே சொல்வார்கள். "கோழிக்குத் தெரியும்டி எங்க கெளறணும்னு" என்பார்.

போன ஜூன் மாதம் ஒரு நாள் நான் அவர் வகுப்புக்குப் போனபோது, பள்ளி நூலகப் புத்தகம் ஒன்றின் தையலை பிளேடால் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர் பண்றீங்க?"

"பிரிக்கிறேன் சார். ஒரு புத்தகம், பதிமூணு பிள்ளைங்க. எப்படிப் படிக்கிறது?"

"ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஒண்ணுன்னு இருக்கு. ஆபீசர் வந்து பதினாலா இருக்கேன்னு கேட்டா என்ன சொல்றது?"

"வளந்துருச்சுன்னு சொல்லுங்க சார்."

அது ஒரு கழுதையின் கதை. மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து கடலைப் பார்க்கக் கிளம்பிய கழுதை. பதினான்கு அத்தியாயம். பிள்ளைக்கு ஒன்றாகப் பதிமூன்றைக் கொடுத்துவிட்டுக் கடைசியைத் தான் வைத்துக்கொண்டார். பழைய காலண்டர் தாளில் ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்டார்கள். அவரவர் அத்தியாயத்தை அவரவர் நன்றாகப் படித்து வைத்திருந்து, முறை வரும் நாளில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்கும் வாசிக்க வேண்டும். மறுநாள் வகுப்பு முழுவதும் அதைப் பற்றி எழுத வேண்டும். அடுத்தவர் அத்தியாயத்தை யாரும் எடுக்கக் கூடாது. உரியவர் வராவிட்டால் கதை நின்றுவிடும். உதயசூரியன் காய்ச்சலில் படுத்த அன்று நான்கு பேர் அவன் வீட்டுக்கே போய்விட்டார்கள். "டேய், ஒனக்குக் காச்சல்னா நீ படு. வாய்க்கு என்ன, படிச்சுக் காட்டு" என்று கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார்கள்.

அதுவரை எங்கள் பள்ளியில் கட்டுரை என்றால் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதுதான். பதிமூன்று நோட்டிலும் ஒரே பசு, ஒரே நான்கு கால். "எழுத வரல எழுத வரலங்கிறோம். எதப் பத்தி சார் எழுதும்? ரெண்டு பக்கப் பாடத்துல ஒரு ஆளோட பழகுறதுக்குள்ள பாடம் முடிஞ்சுபோகுது. ஒரு முழுக் கதைக்குள்ள மாசக்கணக்குல குடியிருந்தாத்தான் பேச்சே வரும்" என்பார் டீச்சர்.

ஏழாவது அத்தியாயம் நான்காம் வகுப்பு ஹரிணியுடையது. அதிகம் பேசாத பிள்ளை. திங்கட்கிழமை அவள் வாசிக்க வேண்டும். சனிக்கிழமையே அவள் அப்பா நாகராசு, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை கிடைத்ததென்று குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். பள்ளிக்கூடப் பையும் போனது. பைக்குள் அத்தியாயமும் போனது. பழைய போன் நம்பர் அடிக்கவே இல்லை.

ஆறாம் அத்தியாயத்தின் முடிவில் கழுதை சந்தைக்குள் நுழைகிறது. எட்டாம் அத்தியாயம் தொடங்கும்போது அதன் கழுத்தில் ஒரு மணி தொங்குகிறது. மணியைக் கட்டியது யார் என்று பிள்ளைகளில் ஹரிணி ஒருத்திக்குத்தான் தெரியும். பிள்ளைகள் இரண்டு நாள் சண்டை போட்டார்கள். டீச்சர் ஆளுக்கு நாலு தாள் கொடுத்து, "யாரு கட்டுனான்னு நீங்களே எழுதுங்க" என்றார். மூன்று வரிக்கு மேல் எழுதியறியாத உதயசூரியன் இரண்டரைப் பக்கம் எழுதினான். அவன் கதையில், ஐஸ் விற்பவர் தன் சைக்கிள் மணியைக் கழற்றிக் கட்டிவிட்டு, அன்று முழுவதும் வாயால் மணியடித்து ஐஸ் விற்கிறார். பன்னிரண்டு கதைகளில் பன்னிரண்டு பேர் மணி கட்டியிருந்தார்கள்.

எல்லோருக்கும் சந்தோஷம். டீச்சருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "நமக்கு ஏழு இல்லாட்டி பரவால்ல சார், எழுதிக்கிட்டோம். அவளுக்கு எட்டுலேர்ந்து ஒண்ணுமே இல்ல. கழுதை கடலப் பாத்துச்சான்னு தெரியாம கெடப்பா."

"புதுசா ஒரு புத்தகம் வாங்கி அனுப்பிருவோமே டீச்சர்."

"அனுப்பலாம். அப்புறம் இதுங்க எதுக்கு எழுதும்?"

எட்டு முதல் பதிமூன்று வரை வைத்திருந்தவர்கள் தங்கள் அத்தியாயத்தைச் சொந்த வார்த்தையில் ஹரிணிக்குக் கடிதமாக எழுதினார்கள். 'நீ போனப்பறம் கழுதைக்கு முள்ளு குத்திருச்சு. ஆனா அது அழுகல' என்று தொடங்கியது வைஷ்ணவியின் கடிதம். தீபாவளிக்குள் ஆறும் தயாராகிவிட்டன. டீச்சருடையதுதான் வரவில்லை.

"டீச்சர், ஒங்க அத்தியாயம் எழுதிட்டீங்களா?"

"எழுதணும்டி."

"எங்களுக்கு மட்டும் நாளைக்கே குடுக்கணும், ஒங்களுக்கு மட்டும் லீவா?"

என்னிடம் ஒரு நாள் மெதுவாகச் சொன்னார். "இருபத்திரண்டு வருசமா எழுது எழுதுன்னு சொல்லிருக்கேன் சார். பாடக்குறிப்பத் தவிர நான் ஒரு வரி எழுதுனதில்ல. உக்காந்தா கை வரல."

முகவரியும் இல்லை. பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் பெயர் கல்வித் துறையின் எமிஸ் இணையத்தளத்தில் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலில் இருக்கும். வேறு பள்ளியில் சேர்ந்தால் அங்கே மாறும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் டீச்சர் என் மேசைக்கு வந்து நிற்பார்.

"இன்னும் காமன் பூல்லதான் கெடக்கு டீச்சர்."

"கெடக்குன்னு சொல்லாதீங்க சார்."

அந்தப் பிள்ளை எங்காவது படிக்கிறதா, கம்பெனி வாசலில் உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் அவர் கேட்க விரும்பியது என்று எனக்கு அப்போது புரியவில்லை. நான் திரையைத்தான் பார்த்தேன். இப்போது திங்கட்கிழமைகளில் யாரும் வந்து நிற்பதில்லை. கேட்க ஆளில்லாமலே ஒருமுறை தளத்தைத் திறந்து பார்த்துவிடுகிறேன்.

ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை ஹரிணியின் பெயர் நகர்ந்திருந்தது. திருப்பூரில் ஒரு பள்ளி, நான்காம் வகுப்பு. கூப்பிட்டுக் காட்டினேன். டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "சேந்துட்டாளா" என்றார். பிறகு, "திங்கக்கிழம தபால்ல போட்டுருவோம் சார். சனி ஞாயிறுல என்னோடத முடிச்சுர்றேன்" என்றார். ஹெல்மெட்டை மறந்து வாசல்வரை போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு மாலை நெஞ்சு வலி. திங்கள் காலை லீவு கேட்டு எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார். செவ்வாய்க்கிழமை அந்தப் போன் வந்தது.

காரியமெல்லாம் முடிந்து சிவசாமி டீச்சரின் பையைப் பள்ளியில் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் சனிக்கிழமைத் தேதி. 'அன்புள்ள ஹரிணி, நீ சேர்ந்துவிட்டாய் என்று சார் காட்டினார். உன் கழுதை இத்தனை மாதமாக உனக்காகக் கடலுக்கு முன்னால் இருக்கும் மேட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கிறது. இப்போது ஏறுகிறது.' அதற்குக் கீழே மூன்று தடவை எதையோ எழுதி அடித்திருந்தார்.

பிள்ளைகளிடம் கேட்டேன். "பதினாலாவது யாராச்சும் எழுதுறீங்களா?"

யாரும் கை தூக்கவில்லை. உதயசூரியன்தான் பேசினான். "அது டீச்சர் அத்தியாயம் சார். அடுத்தவங்களோடத எடுக்கக் கூடாது."

"அப்ப ஹரிணிக்குக் கடல் தெரியாமலே போயிருமேடா."

வைஷ்ணவி, "அவளே எழுதிக்குவா சார்" என்றாள்.

ஆறு கடிதங்களையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பதினான்காவது டீச்சரின் மூன்று வாக்கியத்தோடு நிற்கிறது.