அக்கா நிரப்பிய மூன்றாவது கட்டம்

ஆண்டவர் எங்கள் அக்காவை அழைத்துக்கொண்டு இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் எழுத வீட்டில் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கிடைத்த லாரியில் ஏறி ஊர் சுற்றியவன். ஆனாலும் அக்காவின் வேலையைக் கூடவே நின்று பார்த்தவன் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள்.

அக்கா திருச்சுழிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தார்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். மழை பெய்த வருடம் சாப்பிட்டோம். பெய்யாத வருடம் குறைத்துச் சாப்பிட்டோம். அக்கா சபை விடுதியில் தங்கிப் படித்து, வெளியூர் போய்ப் பிசியோதெரபி முடித்து, எண்பதுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அந்தப் படிப்பின் பெயர் நோயாளிகளின் வாயில் நுழையவில்லை. "கரண்டு வைக்கிற அம்மா" என்றார்கள். கரண்டு வைக்காமல் காலை மடக்கச் சொன்னால், "பொட்டி சும்மாத்தானம்மா கெடக்கு, கொஞ்சமாச்சும் வைங்க" என்று சண்டை பிடிப்பார்கள்.

முத்தம்மாள் விஷயத்தில் அக்கா ஒரு தவறு செய்தார்கள். அதை அக்காவே எல்லாரிடமும் சொல்லியிருப்பதால் நானும் மறைக்கவில்லை.

கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்துக் கரியாக்கும் மூட்டத்தில் வேலை செய்தவர் முத்தம்மாள். கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். விறகு லோடு சரிந்து முத்தம்மாளின் தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிய பிறகு முழங்கால் மடங்கவில்லை. அக்கா பல வாரம் பாடுபட்டு, நாற்காலியில் உட்காரும் அளவுக்கு மடக்கி, சிமெண்டுத் தரையில் நடக்க வைத்து, சீட்டில் 'நலம்' என்று எழுதி அனுப்பினார்கள்.

சில மாதம் கழித்து முத்தம்மாளின் ஊருக்குக் கரி ஏற்றப் போனேன். முத்தம்மாள் மூட்டத்துக்கு எட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வந்து அக்காவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு அக்கா பஸ் ஏறினார்கள்.

"வாங்கம்மா," என்றார் முத்தம்மாள். "ஒங்க சீட்டுல நான் சொகமாயிட்டேன். இங்க முட்டிய மடக்கிக் குத்தவைக்க முடியல. ஆஸ்பத்திரியில நாக்காலி கெடந்துச்சு, கக்கூசுகூட நாக்காலி மாதிரி இருந்துச்சு. கருவேலங்காட்டுக்குள்ள அதெல்லாம் யாரு கொண்டாந்து போட்டா? மேஸ்திரி சேக்க மாட்டேங்கிறாரு. அண்ணன் வீட்டுக் கஞ்சி எத்தன நாளைக்கு எறங்கும்?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா, "ஏலே, நான் முட்டியத்தாம்ல பாத்தேன்" என்று மட்டும் சொன்னார்கள்.

பிறகு சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்தபோது ஒரு தாள் கொண்டுவந்தார்கள். அதில் மூன்று கட்டங்கள். உடம்பில் என்ன கெட்டது என்பது முதல் கட்டம். அதனால் எதைச் செய்ய முடியவில்லை என்பது இரண்டாவது. வீட்டிலும் ஊரிலும் அவர் எதை இழந்தார் என்பது மூன்றாவது. மற்றவர்கள் முதல் கட்டத்தை நிரப்பிவிட்டு வைத்துவிடுவார்கள். அக்கா மூன்றாவதிலிருந்து தொடங்கினார்கள். முத்தம்மாளின் தாளில் அந்தக் கட்டத்தில் 'மூட்டத்தில் இருந்த இடம்' என்று எழுதினார்கள்.

பிறகு ஒரு நாள் முழுக்க மூட்டத்தடியில் நின்று, எந்த வேலைக்குக் குத்தவைக்க வேண்டும், எதை நின்றுகொண்டே செய்யலாம் என்று குறித்துக்கொண்டார்கள். அடிவரிசை அடுக்கவும் கரி பொறுக்கவும்தான் குத்தவைக்க வேண்டும். மேல்வரிசை அடுக்குவது, மண் பூசுவது, நெருப்பைக் காவல் காப்பது எல்லாம் நின்று செய்யும் வேலை.

அந்த முழங்கால் அதற்கு மேல் மடங்காது என்று தெரிந்துவிட்டது. அக்கா முழங்காலை விட்டுவிட்டு வேலையைப் பழக்கினார்கள். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் நான் கரிசல் கட்டிகளைக் கொட்டினேன். அதன் மேல் நடை. விறகுக் கட்டைகளை இறக்கினேன். அதைத் தூக்கி அடுக்குவது பயிற்சி. காலை நீட்டியபடியே உட்கார்ந்து கரி பொறுக்க ஒரு குட்டைக் கட்டை.

பெரிய டாக்டர் எட்டிப் பார்த்து, "இது ஆஸ்பத்திரியா, விறகுக்கடையா?" என்றார்.

"ரெண்டு வாரத்துக்கு விறகுக்கடை சார்," என்றார்கள் அக்கா.

மேஸ்திரி லேசில் இறங்கவில்லை. "நொண்டிய நெருப்புக்கிட்ட விட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா டேசனுக்கு நீங்களா வருவீக?"

"வாரேன். ஒரே ஒரு மூட்டம் குடுத்துப் பாருங்க."

கொடுத்தார். அடிவரிசையை வேறொரு பெண் அடுக்க, மேலே எல்லாம் முத்தம்மாள். மூன்றாம் நாள் மத்தியானம் மூட்டம் ஒரு பக்கம் மண் வெடித்து வாய் திறந்தது. உடனே அடைக்காவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் சாம்பல். மற்றவர்கள் மண்வெட்டி தேடுவதற்குள் முத்தம்மாள் விறைத்த காலை ஊன்றி நின்று, ஈரமண்ணை அள்ளி அள்ளி அடைத்துவிட்டார். மேஸ்திரி சுற்றிவந்து பார்த்துவிட்டு, "அடுத்த மூட்டம் திங்கக்கெழம. காலைல வெள்ளனா வந்துரு" என்றார்.

சேதி கேட்ட அக்கா பாளையம்பட்டியில் காராச்சேவு வாங்கிவந்து, பெரிய டாக்டர் உட்பட ஆஸ்பத்திரி முழுக்கக் கொடுத்தார்கள்.

அதன்பின் யாருக்கும் ஊரைப் பார்க்காமல் 'நலம்' எழுதவில்லை. "ஒனக்குத்தான் ஒரு எடத்துல இருப்புக் கொள்ளாதே. சுத்துறதுதான் சுத்துற, வீட்டுக்கு அனுப்பின எங்க ஆளுகளையும் பாத்துட்டு வாலே" என்று எனக்கும் வேலை கொடுத்தார்கள். நெசவுக்காரர், கிணறு வெட்டுகிறவர், பஸ் படி ஏற முடியாத டீச்சர் என்று எத்தனையோ பேர் தங்கள் இடத்துக்குத் திரும்பிப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு புற்றுநோய் முற்றியது. அக்கா அழவில்லை, எங்களையும் அழ விடவில்லை. பத்து நாள் படுக்கையில் இருந்து போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த நாட்களில் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், குழி வெட்டிய தம்பிகளுக்கும், தூரத்திலிருந்து வந்த சொந்தபந்தங்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி.

அடக்கத்துக்கு வராத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். முத்தம்மாள் இப்போது மேஸ்திரி. மூன்றாம் நாள்தான் வந்தார். "மூணு மூட்டத்துல நெருப்பு கெடந்துச்சு தம்பி. என்னைய விட்டா பாக்க ஆளில்ல" என்று அழுதார். அக்கா இருந்திருந்தால் அன்றைக்கும் காராச்சேவு வாங்கியிருப்பார்கள். நான் வாங்கிக் கொடுத்தேன்.