கட்டிலுக்குக் கீழே நாலாவது குசினி

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த வீட்டில் குழாயைக் கொஞ்சம் கூட நேரம் திறந்துவிட்டால் கீழேயிருந்து சத்தம் வரும். டங், டங், டங். வீட்டுக்கார அன்ரி கரண்டியால் பைப்பில் தட்டுகிறா என்று அர்த்தம். அம்மா சவர்க்காரம் போட்ட தலையோடு குழாயை மூடிவிட்டு நிற்பா.

அன்ரியில் பிழை சொல்ல ஏலாது. கீழே அவ, மேலே அறைக்கு ஒன்றாக மூன்று குடும்பம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே மீற்றர். தண்ணீருக்கு விலை போடுகிற முறை எப்படியென்றால், கொஞ்சமாகப் பாவித்தால் யூனிட் மலிவு, கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை ஏறிக்கொண்டே போகும். வீணாக்குகிற ஆட்களுக்குச் சுடட்டும் என்ற யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் மீற்றருக்கு எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்று தெரியுமா? நாலு குடும்பம் எண்ணி எண்ணி அள்ளி ஊற்றியதை, ஒரு குடும்பம் நீச்சலடித்த மாதிரி அது காட்டியது. கழிவுநீர்க் கட்டணமும் அதே வேகத்தில் பின்னால் ஏறியது. வாடகைக்குள் தண்ணீரும் அடக்கம் என்பதால் எல்லாம் அன்ரியின் தலையில்.

கட்டணம் திரும்பவும் கூடின மாதம் அவ மேலே வந்தா.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. இனியும் இப்பிடித்தான் பில் வருமெண்டால் ஒரு அறையைக் குறைக்கத்தான் வேணும். கடைசியா வந்தது நீங்கள்."

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த அறையைப் பிடிக்க நாங்கள் பட்ட பாடு அம்மாவுக்குத்தான் தெரியும். திரும்பவும் ஒழுங்கை ஒழுங்கையாக ஏறி இறங்க வேண்டும். 'எந்த ஊர்?' என்ற கேள்வி, அட்வான்ஸ், பிறகு, யுத்த காலத்தில் கொழும்புக்கு வந்த தமிழர் செய்ய வேண்டிய பொலிஸ் பதிவு, முதலிலிருந்து.

நான் ஏ.எல். சோதனை எழுதிவிட்டு வேலையில்லாமல் துடித்துக்கொண்டிருந்த காலம். அடுத்த நாளே தண்ணிக் கந்தோருக்கு, அதுதான் நீர்ச் சபை அலுவலகத்துக்குப் போய், சுவரில் ஒட்டியிருந்த கட்டண விபரத்தைச் சிங்களத்தில் ஒருதரம், இங்கிலிஷில் ஒருதரம் வாசித்தேன். கடைசியில், கண்ணில் படாத இடத்தில் இருந்தது: ஒரே இணைப்பில் வேறு வேறாகச் சமைக்கும் குடும்பங்கள் இருந்தால், யூனிட்டுகளை அத்தனை குடும்பத்துக்கும் பிரித்துக் கணக்குப் பார்க்கலாம். எனக்கு அங்கேயே துள்ள வேண்டும் போலிருந்தது.

அம்மாவுக்குப் பயம். "இத்தனை குடும்பம் இருக்கிறமெண்டு நாங்களே போய்ச் சொல்லுறதோ? உனக்கென்ன விசரோ?"

"அவை ஆக்களை எண்ண மாட்டினம் அம்மா. சமைக்கிற குசினியைத்தான் எண்ணுவினம்."

விண்ணப்பத்தில் அன்ரி கையெழுத்து வைத்தா. பார்வையிட ஒருவர் வருவார், எப்போது என்று சொல்ல ஏலாது என்றார்கள் கந்தோரில்.

அவர் வந்தது ஒரு வெள்ளை வானில். எங்கள் வீட்டு வாசலில் வான் நின்றால் என்ன நடக்கும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் பொலிஸில் பதிந்த ஆட்கள்தான். இருந்தாலும் அறைக்கு ஒரு அடுப்பைக் கண்டால் கேள்வி கூடும் என்று, பொலிஸ் செக்கிங் வந்தால் மண்ணெண்ணெய்க் குக்கர்களெல்லாம் கட்டிலுக்குக் கீழே போய்விடும். எல்லாரும் ஒரு குடும்பம் ஆகிவிடுவோம். அது எங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை.

நான் கேற்றடிக்கு ஓடி, கையில் தண்ணிக் கந்தோர் பைலோடு நின்றவரைச் சந்தோசமாக மேலே கூட்டிவந்தேன். முன் அறையில் குக்கர் இல்லை. வங்கியில் வேலை செய்யும் அண்ணை பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார், தலைகீழாகப் பிடித்து. நடு அறையில், கனடா விசாவுக்குக் காத்திருந்த அக்கா சும்மா சிரித்தா. எங்கள் அறையில் அம்மா சீலையை விரித்துக் கட்டிலை மறைத்தபடி இருந்தா. தம்பி பக்கத்தில், சாமிப் படம் மாதிரி.

"குசினி எங்கே, நங்கி?" என்று அவர் சிங்களத்தில், தங்கச்சி முறை வைத்து என்னைக் கேட்டார்.

எனக்குப் பின்னால் மூச்சு வாங்க ஏறிவந்த அன்ரி, செக்கிங் என்றே நினைத்து முந்திவிட்டா. "ஒக்கொம எக பவுல, மாத்தயா!" ஐயா, எல்லாரும் ஒரே குடும்பமாம்.

அவர் பேனையைத் திறந்தார். ஒரு குடும்பம் என்று எழுதினால் எங்கள் அறை போச்சு. அந்த நேரம் அவர் குனிந்து பார்த்தார்.

"நங்கி, கட்டில் புகையுதே?"

"அம்மா! இவர் தண்ணிக் கந்தோர்! குக்கரை வெளியில எடுங்கோ!" என்று கத்தினேன்.

தம்பி குக்கரை இழுத்தெடுத்தான். மேலே பருப்புச் சட்டி அப்படியே இருந்தது. உடனே முன் அறையிலிருந்து ஒன்று, நடு அறையிலிருந்து ஒன்று. அக்கா தன்னுடையதைத் துடைத்துக்கூடக் காட்டினா. அவர் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தார்.

"அப்ப ஒரே குடும்பம் இல்லையா?" என்றார் அன்ரியிடம்.

"குடும்பம் ஒண்டுதான், மாத்தயா," என்றா அன்ரி, கொஞ்சமும் அசையாமல். "சமையல்தான் வேற."

கீழே அன்ரியுடையதோடு நாலு குசினி என்று எழுதிக்கொண்டார். ஒருவருடைய பெயரையும் கேட்கவில்லை. படியிறங்கும்போது, "பருப்பு அடிப்பிடிக்குது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த பில்லோடு அன்ரி மேலே வந்தா. யூனிட்டுகளை நாலாகப் பிரித்ததில் எல்லாம் மலிவு விலைக்குள் இறங்கியிருந்தன. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"அப்ப நாங்கள் இருக்கலாமோ?"

"பின்னே? நீங்கள் போனால் ஒரு குசினி குறைஞ்சிடுமெல்லோ!"

அந்த வெள்ளிக்கிழமை அம்மா ஆறுதலாகத் தலை முழுகினா. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று கீழே டங் என்று ஒரு சத்தம். குழாய் உடனே நின்றது. நானும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"நான் தட்டேல்லை, தங்கச்சி!" கீழேயிருந்து அன்ரி கத்தினா. "கரண்டி கை தவறி விழுந்தது. நீங்கள் முழுகுங்கோ!"

குழாய் திரும்பவும் ஓடத் தொடங்கியது.