மாற்றுச் சாவி

அலுவலகத்தில் அவளைப் பூட்டுக்காரி என்றே கூப்பிட்டார்கள். கைபேசியில் ஒருவர் அனுப்பும் செய்தியை, பெறுபவரைத் தவிர வேறு யாரும், கம்பெனிக்காரர்கள்கூட, படிக்க முடியாதபடி பூட்டுவது அவள் எழுதிய நிரல். "இவளோட மாமியாரே வந்து கேட்டாலும் திறக்காது" என்று மேலாளர் பெருமையடித்துக்கொள்வார்.

அப்போதுதான் புதுச் சட்டம் வந்தது. எல்லாப் பூட்டுக்கும் ஒரு மாற்றுச் சாவியை அரசாங்கத்திடம் கொடுத்துவிட வேண்டும். பிள்ளை பிடிப்பவர்கள் இப்படி ஒளிந்துதான் பேசிக்கொள்கிறார்கள் என்றார் மேலாளர். அதை அவளால் மறுக்க முடியவில்லை.

"சாவிக்கு ஆள் தெரியாது சார். யார் கையில இருந்தாலும் திறக்கும்."

"செய்யலைன்னா கடையைச் சாத்தணும்மா. இத்தனை குடும்பம் என்ன பண்ணும்?"

அவர் கோபப்படவில்லை. அவள் வேலையை விட்டாள். பக்கத்து இருக்கைக்காரர் மாற்றுச் சாவி செய்யும் வேலையை எடுத்துக்கொண்டார்.

அவளுடைய பயமெல்லாம் தங்கையை நினைத்துத்தான். தங்கை கணவன் காவல்துறையில், பிறர் பேச்சைக் கண்காணிக்கும் பிரிவில் இருந்தான். ஊருக்குத் தங்கமான மனிதன், வீட்டில் கைநீட்டுவான். அக்கா பூட்டுப் போட்ட அந்தச் செயலியில்தான் தங்கை அவளிடம் அழுதுகொட்டுவாள், உடனே அழித்தும் விடுவாள்.

சட்டம் அமலுக்கு வர இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பி அக்கா கடைசியாக ஒரு செய்தி அனுப்பினாள்: இனி இதில் எழுதாதே, வெள்ளிக்கிழமை அவர் கிளம்பியதும் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடு, நான் நிற்கிறேன்.

மாற்றுச் சாவியைச் சோதித்துப் பார்க்கவென்று அவன் பிரிவுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டிருந்தார்கள். அது அவளுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை தங்கை வரவில்லை. அவன் வந்தான். சட்டை கசங்காமல், பணிவாக.

"அவ வரமாட்டா அக்கா. வெயில்ல நிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க."

புகார் கொடுக்கப் போனாள். யார் யாருடைய செய்தியைப் படித்தார்கள் என்பது அரசாங்க ரகசியம், சொல்ல முடியாது என்றார்கள். தங்கை கையில் கட்டுப் போட்டிருக்கிறாள் என்று அண்டை வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது. வீட்டு வாசலுக்குப் போனால் கதவு திறக்கவில்லை.

இப்போது அவள் ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லித்தருகிறாள். தங்கை எப்போதாவது கூப்பிடுவாள். மழை பெய்ததா, என்ன குழம்பு என்று கேட்பாள். ஒருமுறை அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"கை எப்படிடீ இருக்கு?"



"எந்தக் கை? எனக்கு ஒண்ணுமில்லையேக்கா. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றாள் தங்கை, யாருக்கோ பாடம் ஒப்பிப்பதுபோல.