மினிபஸ்ஸில் ஒரு தரிசனம்

இன்று ஞாயிறு ஆராதனைக்காகக் குமராட்சியிலிருந்து சிதம்பரத்துக்கு மினிபஸ்ஸில் போனேன். மடியில், வெள்ளத்தில் ஊறி உப்பிப்போன என் பைபிள்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"ஸ்தோத்திரம் பிரதர். உங்க வூட்ல தண்ணி நிக்கிறத கர்த்தர் எனக்குக் காட்டுறாரு."

இந்த மழையில், அந்த பஸ்ஸில் இருந்த யார் வீட்டில்தான் தண்ணீர் நிற்கவில்லை?

"நட்ட பயிர் பூரா போச்சு. தெனமும் முட்டி போட்டு ஜெபிக்கிறேன், எங்கிட்ட அவரு ஒரு வார்த்த பேசல. உங்களுக்கு மட்டும் காட்டுனாராக்கும்?" என்றேன்.

மனிதர் அசரவில்லை. "உங்களுக்காக விசேஷமா ஜெபிக்கிறேன். போன் நம்பர் சொல்லுங்க."

"அது கர்த்தருக்கே தெரியும். அவரையே கூப்பிடச் சொல்லுங்க."

சிரிக்காதீர்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், மிஸ்டு கால் ஏதும் இருக்கிறதா என்று போனை எடுத்துப் பார்த்தேன்.